வண்டி மேனியும் வண்ணப் பூச்சும்

எங்கள் தோட்டப்பள்ளியில் ஒருநாள் வாசிப்பு நேரத்தில் ஹென்றி ஃபோர்டின் மோட்டார் வண்டியைப் பற்றிய சிறு கட்டுரை ஒன்று படிக்கப்பட்டது. கறுப்புச் சாயமே விரைவில் உலரும்; ஆதலின் ஃபோர்டு தம் வண்டிகளுக்கெல்லாம் கறுப்பே பூசுவித்தார் என்பது அதன் சாரம். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கறுப்பு மட்டும் ஏன் சீக்கிரம் காயும்?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இச்செய்தியை நானே பல வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வி ஒருமுறையேனும் எனக்குத் தோன்றியதில்லை. நாளை சொல்கிறேன் என்று கூறி அமர்த்தினேன். நாளை என்றது மூன்று மாதமாயிற்று. அம்மூன்று மாதத்தில் படித்தறிந்ததையும், அதனோடு என் சொந்த வண்டியின் கூரை உரிந்த கதையையும் சேர்த்து ஆசிரிய அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் மாணவிக்குரிய விடை. கறுப்பு என்னும் நிறம் விரைவில் உலர்வதில்லை. எண்ணெய்ச் சாயத்தில் புகைக்கரியைக் கலந்தால் உலர்தல் தாமதப்படும் என்பது ஓவியர்கள் பன்னெடுங்காலமாக அறிந்த செய்தி. உலர்வதும் உலராததும் நிறத்தைப் பொறுத்ததன்று. நிறப்பொடியைப் பிணித்து நிறுத்தும் பசையைப் பொறுத்தது.

ஃபோர்டு 1922-ஆம் ஆண்டு வெளிவந்த தம் வரலாற்று நூலில், கறுப்பைத் தவிர வேறு நிறம் இல்லை என்று தாம் 1909-ஆம் ஆண்டிலேயே அறிவித்ததாகக் கூறுகின்றார். ஆனால் 1909-ஆம் ஆண்டு 'மாடல் டி' வண்டிகள் பச்சை, சிவப்பு, சாம்பல் நிறங்களில் விற்கப்பட்டன! கறுப்பு மட்டுமே என்னும் நிலை 1914 முதல் 1925 வரையில்தான். தம் வரலாற்றைத் தாமே எழுதுவோர் கூற்றையும் பிற சான்றுகளோடு ஒத்துப் பார்த்தே கொள்ளவேண்டும் என்பதற்கு மேல் வகுப்பு மாணவர்க்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அந்நிறுவனத்தின் பழைய குறிப்பேடுகளை ஆராய்ந்தோர், முப்பதுக்கு மேற்பட்ட கறுப்புப் பூச்சு வகைகள் அவ்வண்டியின் வெவ்வேறு உறுப்புகளுக்குப் பயன்பட்டன என்றும், அவற்றுட் சில சூளையில் சுட்டு உலர்த்தப்பட்டன, சில காற்றிலேயே உலரவிடப்பட்டன என்றும் கண்டுள்ளனர். விரைவு ஒன்றே காரணமாயின் இத்தனை வகை ஏன்? விலை மலிவும், நீடித்து நிற்கும் உறுதியுமே கறுப்பின் சிறப்பு என்பது அவர்தம் முடிவு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அந்த உறுதி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நிலத்தினின்று வெட்டியெடுக்கப்படும் கில்சோனைட் என்னும் ஒருவகை நிலக்கீலிலிருந்து வந்தது. அதனை எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சி, இரும்பின்மேல் பூசிச் சூளையிலிட்டால் கண்ணாடி போன்ற கரிய பூச்சுக் கிடைக்கும். நிலக்கீல் இயல்பிலேயே கறுப்பு; அதனைக் கொண்டு மஞ்சள் வண்டி செய்ய இயலாது. நிறம் இவ்வாறு பசையோடு கூடவே வந்தது. இதற்கு 'ஜப்பான் கறுப்பு' என்று பெயர். ஜப்பானியரும் சீனரும் மரப்பேழைகளுக்கும் கிண்ணங்களுக்கும் பூசிய உருசி என்னும் மரப்பாலின் பளபளப்பைக் கண்டு மயங்கிய ஐரோப்பியர், அதுபோல் ஒன்று செய்ய முயன்று இப்பெயரை இட்டனர். உண்மையான உருசி ஈரக்காற்றில்தான் இறுகும். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஈரக்காற்று பின்னர் மீண்டும் வரும்.

ஃபோர்டுக்கு முன்னும், அவர் காலத்தில் விலையுயர்ந்த வண்டிகளுக்கும், குதிரை வண்டிக்குப் பூசிய முறையே வழங்கிற்று. ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷைத் தூரிகையால் பூசுவர், உலரவிடுவர், நுரைக்கல் பொடியால் தேய்ப்பர், மீண்டும் பூசுவர். இவ்வாறு பத்துப் பதினைந்து முறை. ஆளிவிதை எண்ணெய் நீர்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியை உட்கொண்டு, தன்னுள் தானே பின்னிக்கொண்டு இறுகுவது. அதற்கு நாள் வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆயிற்று என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத் தலைவராயிருந்த ஆல்பிரட் ஸ்லோன் குறித்துள்ளார். ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு ஆயிரம் வண்டி செய்து, ஒவ்வொன்றும் மூன்று வாரம் உலரவேண்டுமாயின், எந்த நாளிலும் இருபத்தோராயிரம் வண்டிகள் கூரையின் கீழ்த் தூசுபடாது நின்றுகொண்டிருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக் கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கே வேதியியலை விரட்டியது.

பிசின் என்றதும் நம் நாட்டை மறத்தலாகாது. வண்டி வார்னிஷுக்குக் கோப்பல் என்னும் கடினப் பிசின்கள் பயன்பட்டன. அவற்றோடு, மலாய் மண்ணின் காடுகளில் பழங்குடியினர் சேர்த்துத் தந்த தாமார் பிசினும் சிங்கப்பூர்த் துறைமுகம் வழியே மேலை நாடுகளுக்குச் சென்றது. நம் வீடுகளில் குங்கிலியம் என்று புகையிடுவோமே, அதன் உறவு இது. செங்கால் மரத்திலிருந்து வரும் 'தாமார் பெனாக்' அவற்றுள் உயர்ந்ததாகக் கருதப்பட்டது. வெளிறிய நிறமும் ஒளியும் உடைய தாமார், வெயில்படும் வண்டிக்கு ஏற்ற கடினமுடையதன்று. வீட்டுப் பொருள்களுக்கான மெருகுக்கே மிகுதியும் பயன்பட்டது. எனினும் பின்னர் மெழுகு நீக்கப்பெற்று வண்டி மெருகிலும் கலந்தது. இதுபோலவே அரக்கும். புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கைப் பாரதத்தின் அரக்கு மாளிகையால் நாம் நன்கறிவோம். 'லாக்கர்' என்று உலகெங்கும் இன்று வழங்கும் சொல், வடமொழியின் 'லாக்ஷா' வழி வந்தது. பொருள் மாறிப் போயிற்று. வண்டிக் கடையில் லாக்கர் என விற்பதில் பூச்சியும் இல்லை, அரக்கும் இல்லை.

அதில் இருப்பது பஞ்சு! பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்தால் வெடிபஞ்சு ஆகும் என்பதை 1846-ஆம் ஆண்டளவில் ஷோன்பைன் என்னும் அறிஞர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கண்டார். புகையில்லா வெடிமருந்தும், திரைப்படச் சுருளும் இதன் பிள்ளைகள். இதனைக் கரைத்துப் பூசினால் நிமிடங்களில் உலரும். ஆனால் கரைசல் கூழ்போல் தடித்துவிடும். பூசத்தக்க அளவு நீர்க்கச் செய்தாலோ, உலர்ந்தபின் எஞ்சும் படலம் வெங்காயத் தோலினும் மெல்லியது. முதல் உலகப் போர் முடிந்து வெடிமருந்துச் சாலைகள் வேலையின்றி நின்ற காலம். 1920-ஆம் ஆண்டு, நியூ ஜெர்சி மாநிலத்துப் பார்லின் என்னும் ஊரிலிருந்த டூ பாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், சில நாள் கவனிப்பாரின்றி நின்ற கரைசல், கூழாக இருந்தது பாகாக இளகியிருக்கக் கண்டனர். இளகிய கரைசலில் பஞ்சுச் சத்து மிகுதி. நிறப்பொடியும் நிறையச் சேர்க்கலாம். எட்மண்ட் ஃப்ளாஹர்ட்டி முதலியோர் இதனை வளர்த்தெடுத்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் சார்ல்ஸ் கெட்டரிங் குழுவினர் வண்டிக்கேற்பத் திருத்தினர். 1923-ஆம் ஆண்டு 'டூக்கோ' என்னும் பெயரால் அது வெளிவந்தது. 1924-ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்டு வண்டி நீல நிறம் பூண்டு உலா வந்தது. வாரக் கணக்கு மணிக் கணக்காயிற்று. ஃபோர்டும் 1926-ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் நிறங்களை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது.

விரைந்து உலர்வதைத் தூரிகையால் இழுக்க முடியாது, இழுக்கும்போதே இறுகிவிடும். ஆதலின் தெளிப்பான் இன்றியமையாததாயிற்று. தொண்டை நோய்க்கு மருந்து தெளிக்க ஒஹாயோ மாநிலத்து மருத்துவர் டிவில்பிஸ் 1880-களில் செய்த சிறு கருவியை, அவர் மைந்தர் சாயம் தெளிக்கும் துப்பாக்கியாக மாற்றியிருந்தார். மூச்சைக் காக்கப் பிறந்த கருவி அது.

டூக்கோ எவ்வளவு பரவிற்றெனில், இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் வண்டிச் சாயத்துக்கே அது பொதுப்பெயராயிற்று. மெக்சிகோ நாட்டுச் சுவரோவியர் சிக்கைரோஸ் 1930-களில் அதனைக்கொண்டு ஓவியமே தீட்டினார்.

ஆனால் நம் மண்ணில் இதற்கொரு குறை உண்டு. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்புக் குளிர்கிறது; கையில் ஸ்பிரிட் ஊற்றினால் குளிர்வது போல. நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் உடனே அதன்மேல் பனித்துப் படிந்து, பூச்சு வெண்புகை படர்ந்தாற்போல் வெளிறும். மழைநாளில் லாக்கர் அடிக்கமாட்டேன் என்று பழைய பட்டறைக்காரர்கள் மறுத்தது மூடநம்பிக்கையன்று. மெல்ல ஆவியாகும் கரைப்பான் சிறிது சேர்த்து இதனைத் தணிப்பர். உருசிக்கு வாழ்வு தந்த ஈரக்காற்று, டூக்கோவுக்குப் பகையாயிற்று. சிங்கப்பூரில் புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலை 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டு, தென்கிழக்காசியாவில் வண்டி பொருத்தும் முதல் ஆலையாக நின்றது. நான்கே மாதங்களில், 1942 பிப்ரவரி 15 அன்று, ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அக்கட்டடத்தில்தான். 1980-இல் ஆலை மூடப்பட்டது. 2006 முதல் அது போர்க்கால நினைவுக் காட்சிக்கூடம். மாணவரை அழைத்துச் செல்வோர், அது முதலில் வண்டி செய்யும் இடமாயிருந்தது என்பதையும் ஒரு சொல் சொல்லலாம்.

அடுத்து வந்த அல்கைடு எனாமலைப் பற்றி மிகுதி கூறவேண்டுவதில்லை. எண்ணெயின் பொறுமையையும் செயற்கைப் பிசினின் உறுதியையும் சேர்த்து, சூளையில் சுட்டு இறுக்கியது. 1950-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. இது வெயிலை நன்கு தாங்கியது. 1960-களில், வண்டிக்கூட்டையே சாயத் தொட்டியில் மூழ்கடித்து மின்னோட்டத்தால் அடிப்பூச்சு ஏற்றும் முறை தொடங்கியது. துரு பிடிக்கும் மூலை முடுக்குகளிலும் சாயம் புகுந்தது அதன் பின்னரே.

இங்கே என் தந்தையாரின் நினைவு வருகிறது. அவர் தோட்டத்துத் துரையின் வண்டியோட்டி. ஞாயிறு காலையில் வண்டிக்கு மெருகிட்டுத் தேய்ப்பார். பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுப்பது என் வேலை. வண்டி நீலம், தேய்த்த துணியும் நீலமாகிவிடும். "வண்டி கரையுதாப்பா?" என்று கேட்டதற்கு, "பழசு போனாத்தான் புதுசு தெரியும்" என்றார். அவர் வேதியியல் படித்தவரல்லர். ஆயினும் சொன்னது சரியே. அக்காலப் பூச்சில் நிறமும் பசையும் ஒரே படலத்தில் இருந்தன. வெயிலின் புறஊதாக் கதிர் மேற்பரப்பின் பசையை அரிக்க, நிறப்பொடி சுண்ணம்போல் தளர்ந்து மேலே நிற்கும். தேய்த்தால் அது துணியில் ஏறும். அடியில் புதிய நிறம் தோன்றும். இவ்வாறு ஆண்டுதோறும் மேனியைச் சிறிது சிறிதாகச் செலவழித்து வண்டி இளமை காட்டிற்று. மூலைகளில் படலம் தேய்ந்து அடிப்பூச்சுத் தெரியும் நாள் வரை இது நடக்கும்.

அலுமினியத் துகள் கலந்து மின்னும் நிறங்கள் பெருகியபோது இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. மேற்பரப்பில் தலைகாட்டும் துகளை மழையும் காற்றும் தின்று கறுக்கச் செய்தன. ஆதலின் நிறத்தை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றைப் போர்த்தும் முறை 1970-களில் ஐரோப்பாவிலும், 1980-களில் உலகெங்கும் பரவியது. இன்று ஒரு வண்டியின் பூச்சு முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதில் தெளிபூச்சு 40 அல்லது 50 மைக்ரான், ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. நீடித்த வாழ்வு முழுவதும் அந்த மயிரிழையை நம்பி நிற்கிறது.

தெளிபூச்சுக்குள் புறஊதாக் கதிரை விழுங்கும் பொருள்களும், விழுங்காமல் தப்பியதால் விளையும் சிதைவை அணைக்கும் பொருள்களும் கலக்கப்படுகின்றன. இவை காலப்போக்கில் தீர்ந்து போகும். தீர்ந்தால் கதிர் ஊடுருவி நிறப் படலத்தையும் அதன் பிடிப்பையும் தாக்கும். பழைய பூச்சு வெளுத்தது. புதிய பூச்சு உரிகிறது. இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. வெளுத்ததைத் தேய்த்து மீட்கலாம். உரிந்ததை மீட்க வழியில்லை. அமெரிக்காவில் 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் எண்ணற்ற வண்டிகள் பாம்புச் சட்டைபோல் உரிந்தன. மின்னோட்ட அடிப்பூச்சுக்கும் நிறத்துக்கும் இடையே வரவேண்டிய நடுப்பூச்சைச் செலவு கருதிச் சிலர் விட்டுவிட்டதே காரணம். மெல்லிய நிறத்தைத் தாண்டிச் சென்ற கதிர் அடிப்பூச்சைப் பொடியாக்கியது. அதே காலத்தில் அமிலம் கலந்த மழையும் பனியும் தெளிபூச்சில் குழி பறித்தன. புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் தகடுகளை வெயிலில் கிடத்தி இச்சோதனையைச் செய்தனர். வெப்பமும் ஈரமும் மிக்க தென் புளோரிடாவே பூச்சுச் சோதனைக்கு உலகம் ஒப்பும் களம். நம் வண்டிகள் பிறந்த நாள் முதல் அத்தகைய களத்திலேயே நிற்கின்றன என்று சொல்லலாம்.

என் வண்டியும் நின்றது. பள்ளி வளாகத்தில் ஆசிரியர் வண்டிகளுக்குக் கூரை இல்லை. ஓரத்துப் பால்மரத்தடியில் நிறுத்தினால் இலையும் பறவை எச்சமும், வெட்டவெளியில் நிறுத்தினால் வெயிலும். பதின்மூன்றாம் ஆண்டில் கூரையில் வெள்ளித் திட்டு ஒன்று தோன்றி, தேர்வுக்காலம் முடிவதற்குள் முன்மூடியெங்கும் படர்ந்தது. ஒரு பட்டறையில் உரிந்த இடத்தின்மேலேயே தெளிபூச்சு அடித்து முந்நூறு வெள்ளிக்கு முடித்துத் தந்தனர். ஏழே மாதத்தில் பழையதும் புதியதுமாகச் சேர்ந்து உரிந்தது. பிடிப்பிழந்த தளத்தின்மேல் எதைப் பூசினாலும் அது தளத்தோடு போகும் என்பதை அந்த முந்நூறு வெள்ளி கற்பித்தது.

பின்னர்தான் என் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன். சிறு பட்டறை வைத்திருக்கிறார். அவர் இரண்டு வழி கூறினார். ஒன்று, ஒரு கூறுப் பூச்சு. டப்பாவில் உள்ளதைத் தின்னர் கலந்து அப்படியே அடிப்பது. கரைப்பான் ஆவியானால் உலரும். வேறு மாற்றம் அதில் நிகழ்வதில்லை. ஆதலால் பின்னாளில் தின்னரோ பெட்ரோலோ பட்டால் மீண்டும் இளகும். தின்னர் தோய்ந்த துணியால் மறைவான இடத்தில் தேய்த்துப் பார்த்தால் இதனை அறியலாம் என்று செய்தும் காட்டினார். முந்தைய பட்டறையின் வேலை துணியிலேயே வந்துவிட்டது. மற்றொன்று, அவர்கள் 'டூ-கே' என்று வழங்கும் இரு கூறுப் பூச்சு. பிசின் ஒரு டப்பா, இறுக்கி மற்றொரு டப்பா. அளவு பிசகாது கலந்த சில மணி நேரத்துக்குள் அடித்தாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகும். பின்னர் எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் இளகாது. 1937-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்ட பாலியுரேத்தேன் வேதியியலின் வழிவந்தது இது. வெயிலில் மஞ்சளிக்காத இறுக்கிகள் 1960-களில் வந்தபின் வண்டிக்கு உகந்ததாயிற்று. நீடித்து நிற்பது எது என்று கேட்டால், ஐயமின்றி இதுவே. சில ஆண்டுகளாக விளம்பரப்படுத்தப்படும் பீங்கான் பூச்சு என்பது இதன்மேல் இடும் மிக நுண்ணிய காப்பு. உரிந்த தெளிபூச்சுக்கு அது மாற்றாகாது.

"அப்படியானால் இரு கூறே அடித்துவிடு தம்பி" என்றேன். அவர் சற்றுத் தயங்கி, "நான் அத அடிக்கிறத விட்டுட்டேன் ஐயா" என்றார். இறுக்கியில் உள்ளது ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள். தெளிக்கும்போது மூச்சில் புகுந்தால் சிலர்க்கு ஆஸ்துமா உண்டாகிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு இது பெயர்பெற்ற காரணங்களுள் ஒன்று. ஒருமுறை உடல் அதனை ஒவ்வாததாகக் கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சைப் பிடிக்கும். தீங்கான அளவிலும் அதன் மணம் நன்கு தெரிவதில்லையாதலால் மூக்கு எச்சரிக்காது. காகித முகமூடி இதற்குப் போதாது. புறத்தேயிருந்து தூய காற்றுக் குழாயில் வரும் முகக்கவசமும், காற்றை வெளியேற்றும் அடைப்பறையும் வேண்டும். என் மாணவர் தகரக் கூரையின்கீழ்க் காகித முகமூடியோடு ஒன்பது ஆண்டு இதனை அடித்திருக்கிறார். இரவில் இருமலென்று மருத்துவரிடம் சென்றபோதுதான் காரணம் தெரிந்ததாம். நான் கற்பித்த காலத்தில் ஓட்டப்பந்தயத்தில் பள்ளிக்குக் கிண்ணம் வாங்கித் தந்த பிள்ளை.

வண்டி எத்தனை ஆண்டு நிற்கும் என்று டூக்கோ காலம் முதல் அனைவரும் கணக்கிட்டிருக்கின்றனர். அடிப்பவர் எத்தனை ஆண்டு நிற்பார் என்னும் கணக்கை நான் படித்த பக்கங்களில் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது.

முடிவில் நாங்கள் செய்தது இது. உரிந்ததையும், உரியாது நின்ற ஓரங்களையும் உறுதியான தளம் வரும்வரை நீர்த்தாளால் தேய்ப்பதும், நிரப்புவதும், மறைக்கவேண்டிய இடங்களை ஒட்டி மறைப்பதும் அவர் பட்டறையில் நடந்தன. நிறமும் தெளிபூச்சும் அடைப்பறையும் காற்றுக் குழாய்க் கவசமும் உள்ள நகரத்துப் பட்டறை ஒன்றில் அடிக்கப்பட்டன. கூரையும் முன்மூடியும் மட்டும். மொத்தம் ஆயிரத்து நானூறு வெள்ளி. வண்டியின் இன்றைய மதிப்புக்கு அது மிகை என்று வீட்டில் கூறினர், மறுக்கவில்லை.

மாணவிக்கு விடை சொல்லியாயிற்று. கறுப்பு உலர்வதில்லை, பசைதான் உலர்கிறது என்றதும், "அப்படியென்றால் புத்தகத்தில் தப்பா ஐயா?" என்றாள். தப்புத்தான் என்றேன். சென்ற ஞாயிறு வண்டியைத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.